உடல் எடைக்கு அறுவை சிகிச்சை: நமக்குத் தகுதி உண்டா?



காலை 6 மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்தரைக்குத்தான் ஷட்டர் இறங்குகிறது. மதியச் சாப்பாடு 3 மணிக்கு, அதுவும் கல்லாவை விட்டு எழாமல். நடுவே நாலைந்து டீ, கைக்கெட்டும் தூரத்தில் மிக்சர், முறுக்கு. இரவு 11 மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுக்கை. மூட்டை தூக்க ஆள் உண்டு, பக்கத்துத் தெருவுக்குப் போகவும் வண்டி உண்டு. பிறகு உடம்பு பெருக்காமல் என்ன செய்யும்? 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். நம் கடைவீதியை ஒரு நடை சுற்றி வந்தாலே இது விளங்கும்.

இதனால் இப்போது செங்கல்பட்டிலும், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கோவளம் பக்கத்து அன்பர்களிடமும் ஒரு பேச்சு அடிபடுகிறது. "இரைப்பையைச் சுருக்கிக்கொண்டால் ஆறே மாதத்தில் இளைத்துவிடலாமாமே, இன்ஷூரன்ஸிலேயே முடித்துவிடலாமாமே?" என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதில், "எல்லோருக்கும் அல்ல" என்பதே. யாருக்குத் தகுதி உண்டு என்பதை நம் கணக்கு முறையிலேயே பார்ப்போம்.

முதலில் எடைக் கணக்கு

இதற்கு பி.எம்.ஐ. என்று பெயர். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 5 அடி 5 அங்குலம், அதாவது 165 செ.மீ. உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 68 கிலோ இருந்தால் பி.எம்.ஐ. 25. நம் நாட்டுக் கணக்கில் அதுவே உடல் பருமனின் தொடக்கம். 88½ கிலோ என்றால் 32.5; 95 கிலோவுக்குச் சற்று மேல் 35; 102 கிலோ என்றால் 37.5, 109 கிலோ என்றால் 40. இந்த நான்கு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

மருத்துவர் தராசு

1991-ல் அமெரிக்க நாட்டு சுகாதார நிறுவனம் ஒரு வரையறை சொன்னது. பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தால் அறுவை செய்யலாம். எடையால் வந்த கடுமையான நோய் இருந்தால் 35-லேயே செய்யலாம் என்றது. ஆனால் நம்மவர் உடல்வாகு வேறு. கை கால் ஒல்லியாக இருக்கும், கொழுப்பெல்லாம் வயிற்றில் சேரும், குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடும். ஆகவே நம் நாட்டு அறுவை நிபுணர்கள் அந்த அளவைக் குறைத்து, நோய் எதுவும் இல்லாவிட்டால் 37.5, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்றவை இருந்தால் 32.5 என்று வைத்தார்கள். 2022-ல் வெளியான உலக வழிகாட்டுதல் ஆசிய மக்களுக்கு 27.5-லேயே இதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது.

எண் மட்டும் போதாது. உணவுக் கட்டுப்பாடு, நடை, மருந்து ஆகியவற்றை முறையாகச் செய்து பார்த்திருக்க வேண்டும். தைராய்டு போன்ற வேறு காரணத்தால் எடை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருதயம், ஈரல் பரிசோதனை, எண்டோஸ்கோபி, தூக்கப் பரிசோதனை, மனநல ஆலோசனை எல்லாம் உண்டு. புகை, குடி இரண்டையும் விட வேண்டும். 2025-ல் மவுன்ஜாரோ, வீகோவி என்ற எடை குறைக்கும் ஊசிகளும் நம் நாட்டுக்கு வந்துவிட்டன. சிலருக்குக் கத்தி தேவைப்படாமலே போகலாம் என்பதால் அதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இன்ஷூரன்ஸ் தராசு

நம்மில் பலர் இடறி விழும் இடம் இதுதான். மருத்துவர் "தகுதி உண்டு" என்றால் கம்பெனி பணம் கொடுத்துவிடும் என்று நம்புகிறோம். கம்பெனி வைத்திருக்கும் தராசு வேறு.

2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா மருத்துவ பாலிசிகளுக்கும் பொதுவான விலக்கு வாசகங்களை வகுத்தது. அதில் 6-வது எண்ணில் உடல் பருமன் இருக்கிறது. அதன்படி நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், மருத்துவர் ஆலோசனை இருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-க்கு மேல் இருந்தால், வேறு எளிய வழிகள் பலிக்காமல் போன பிறகு, நான்கு நோய்களில் ஒன்று இருக்க வேண்டும். அவை: பருமனால் வந்த இருதயத் தசை நோய், இருதய இரத்தக் குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் கடுமையான நோய், கட்டுக்கு அடங்காத சர்க்கரை. இவை இல்லாதவருக்குச் செலவு தர வேண்டியதில்லை. அதாவது நம் மருத்துவர்கள் புதிய அளவுக்கு வந்துவிட்டார்கள். பாலிசிக் காகிதமோ 1991-ஆம் ஆண்டு எண்களிலேயே நிற்கிறது. நம் 165 செ.மீ. அன்பருக்கு மருத்துவர் கணக்கில் சர்க்கரையோடு 88½ கிலோ போதும். கம்பெனிக் கணக்கில் 95-க்கு மேல் வேண்டும், அல்லது 109 வேண்டும்.

நமக்குச் சரக்கு வாடிக்கையாக இருக்கும் மாமல்லபுரம் பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஒருவரின் அனுபவம் இது. உயரம் 165, எடை 104, பி.எம்.ஐ. 38. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அறுவை செய்யலாம் என்றார் மருத்துவர். கம்பெனி மறுத்துவிட்டது. காரணம், எடை 40-ஐத் தொடவில்லை, சர்க்கரையோ மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டதற்கு இதுவா பரிசு என்று மனம் நொந்துபோனார். ஆனால் அவர் பல வருடமாகக் குறட்டை விடுகிறவர், பகலில் கல்லாவிலேயே கண் அயர்கிறவர். வெயில் என்றே வீட்டார் நினைத்திருந்தார்கள். பிறகு தூக்கப் பரிசோதனை செய்ததில் மூச்சுத் தடை கடுமையாக இருப்பது தெரிந்தது. அந்த அறிக்கையையும், உணவு நிபுணரிடம் போய் வந்த சீட்டுகளையும் சேர்த்து மறுபடி அனுப்பியபோது அனுமதி கிடைத்தது. இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம், தூக்கத்திலேயே உயிருக்கு உலை வைக்கக்கூடிய ஒரு நோய் அதுவரை தெரியாமலே இருந்தது என்பதுதான்.

இ-வே பில் இல்லாமல் லோடு அனுப்புவோமா? அதுபோலத்தான் இதுவும். எடைக் குறிப்பு, சர்க்கரைப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பாலிசி எடுக்கும்போது உள்ள நோயை மறைக்க வேண்டாம். 2024 ஏப்ரல் முதல் ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுதான். மறைத்தால் மொத்தமும் போகும். நியாயமின்றி மறுக்கப்பட்டதாகத் தோன்றினால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரை அணுகலாம். 50 லட்சம் வரையிலான வழக்கை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது.

மருத்துவமனைக்கும் தகுதி வேண்டும்

2024 ஏப்ரலில் நம் மாவட்டத்துப் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடை குறைப்பு அறுவைக்காக வந்த புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். வயது 26 தான். தகப்பனார் புகார் கொடுத்தார், அரசு விசாரணைக் குழு அமைத்தது. பத்திரிகையில் படித்த எல்லோருக்கும் நெஞ்சு பதறியது. அனுபவமுள்ள இடங்களில் இந்த அறுவையில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனாலும் போனவர் வீட்டுக்கு அது ஆயிரத்தில் ஒன்று அல்ல.

ஆகவே கொட்டேஷன் வாங்குவதுபோல் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா? அறுவை அன்று இரவு மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா? இந்த மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? சிக்கல் வந்தால் செலவு யாருடையது? இவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்த அறுவை செய்யப்பட்டிருக்கிறது. வசதி குறைந்தவர்கள் அங்கும் விசாரிக்கலாம்.

எந்த அறுவை என்பதையும் பக்கத்துக் கடைக்காரர் செய்துகொண்டதைப் பார்த்து முடிவு செய்யலாகாது. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அது திரும்ப வராது. நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவருக்கும், நெடுநாள் சர்க்கரை உள்ளவருக்கும் பைபாஸ் முறையே பொருந்தும் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அதன் பிறகு வாழ்க்கையே மாறும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. புரதம் குறையக்கூடாது. இரும்பு, கால்சியம், பி-12 சத்துகளை ஆயுளுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். பல வாரங்களுக்கு மூட்டையைத் தொடக்கூடாது. ஆகவே தீபாவளி, பொங்கல் சீசனை ஒட்டித் தேதி வாங்க வேண்டாம். மிக்சர் பாக்கெட் மறுபடி கல்லா பக்கத்துக்கு வந்தால் எடையும் மறுபடி வரும்.

அன்பர்களே, தகுதி என்பது எடையில் பாதி, மனத்தில் பாதி. உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த வாரமே உங்கள் பி.எம்.ஐ.யைக் கணக்குப் போடுங்கள். 25-ஐத் தாண்டினால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கல்லாவை விட்டு எழுந்திருங்கள். இராச் சாப்பாட்டை 8 மணிக்குக் கடைக்கே வரவழையுங்கள். 32-ஐத் தாண்டியவர்கள் நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள், பாலிசியை எடுத்து 6-வது விலக்கைப் படியுங்கள். நம் கடைத் தராசுக்குத் தவறாமல் முத்திரை போட்டுக்கொள்கிறோம். தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உடம்பையும் அதே கண்டிப்போடு சரிபார்த்துக்கொள்வோம்.