வராத விண்ணப்பமும் பதியாத குறிப்பும்

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறித்த பின்னரே அவர் நிகழ்ச்சியைச் சொல்லுவார். கணினி நிரல்களும் இன்று இவ்வாறே நாட்குறிப்பு எழுதுகின்றன. ஆங்கிலத்தில் இதனை 'லாக்' என்பர். கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரக்கட்டையின் பெயர் அது. வேகத்தை எழுதிவைத்த ஏட்டுக்கு ஆகிவந்து, பின்னர்க் கணினியையும் அடைந்தது.

சொல்லாராய்ச்சி நிற்க. இப்பொருளில் எனக்கு நாட்டம் பிறந்தது ஒரு வருத்தத்தால். பூவிருந்தவல்லியிலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருத்தி, கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைசி நாள் இரவு 11.40 மணிக்குக் கைப்பேசியில் நிரப்பி அனுப்பினாள். திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. மறுநாள் கேட்டபோது, அப்படியொரு விண்ணப்பம் வரவே இல்லை என்றனர். அவர்கள் சொன்னதும் மெய். அவள் சொன்னதும் மெய். உதவித்தொகைதான் கிட்டவில்லை.

அம்பத்தூரில் மென்பொருட்பணி புரியும் என் பழைய மாணவர் இதனை விளக்கினார். இணையப் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட், 1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய மொழி. அது பெரும்பாலும் இயங்குவது நிறுவனத்தின் கணினியிலன்று, நம் கைப்பேசியில். ஆங்கே பிழை நேர்ந்தால் மறுமுனைக்குச் செய்தியே போகாது. கடிதம் வீட்டு வாசலைத் தாண்டாதபோது அஞ்சலகப் பேரேட்டைப் புரட்டி என்ன பயன்?

இதற்கென்றே சிறு நிரல் நூலகங்கள் உள்ளன. பக்கத்தோடு ஒன்றை இணைத்துவிட்டால், நிகழ்ந்த நேரம், கடுமையின் அளவு, செய்தி, அந்த விண்ணப்பத்துக்குரிய அடையாள எண் ஆகியவற்றை அது குறித்துக்கொள்ளும். 'சிஸ்லாக்' என்னும் பொது மரபில் கடுமை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகும்; 0 என்பதே பேராபத்து. குறிப்புகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் கட்டாகச் சேர்த்து அனுப்பும். இணைப்பு அறுந்தால் கைப்பேசியிலேயே சேமித்து, மீண்டதும் அனுப்புமாறு அமைக்கலாம். அவ்வாறு அமைக்காத நூலகத்தால் நம்மூர் அலைவரிசையில் பயன் குறைவே.

திரும்பப் பெறுகையில் கால எல்லையையும் அடையாள எண்ணையும் கொடுத்துத் தேடவேண்டும். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. குறிப்புகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும்; இந்திய நேரம் அதனினும் 5.30 மணி முற்பட்டது. நம் மாணவியின் 11.40 அங்கே மாலை 6.10 ஆகும். இதனை அறியாதவர் இரவுக் குறிப்புகளைத் துழாவிவிட்டு, 'ஒன்றுமில்லை' என்று எழுந்துவிடுவார். கைப்பேசிக் கடிகாரமும் பிழைபடலாம் ஆகையால், பெறும் கணினி தன் நேரத்தையும் சேர்த்தெழுதுவது நலம்.

1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தோன்றிய ஜோஹோ முதலிய நிறுவனங்கள் இத்தகைய குறிப்புகளைத் திரட்டித் தேடித்தரும் மென்பொருள்களை உலகெங்கும் விற்கின்றன. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த ஆணை, நிறுவனங்கள் தம் கணினிப் பதிவுகளை 180 நாள் பாதுகாக்கவேண்டும் என்கிறது. ஆகவே முறையிடுவோர் காலந்தாழ்த்தலாகாது. கடவுச்சொல்லையும் ஆதார் எண்ணையும் குறிப்பில் எழுதிவைப்பது பெருந்தவறு. பதிவேட்டைத் திருடுபவன் கையில் அனைத்தும் சிக்கிவிடும்.

அந்த உதவித்தொகைப் பக்கத்திலும் இத்தகைய நூலகமொன்றை இணைக்குமாறு அலுவலகத்தாருக்கு நானும் பழைய மாணவரும் சேர்ந்து மடல் எழுதினோம். இன்னும் மறுமொழி வரவில்லை. எங்கள் மடலேனும் அவர்கள் பேரேட்டில் பதிவாகியிருக்கும் என நம்புகிறோம்.