மஞ்சள் கருவை ஏன் எறிகிறோம்?

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க ஓய்வூதியர்கள் நமது கிளைக்கு வருவார்கள். காத்திருக்கும் நேரத்தில் பேச்சு தவறாமல் உடல்நலத்தில் வந்து நிற்கும். சென்ற முறை பெரியவர் ஒருவர், பத்தாண்டுகளாக மஞ்சள் கருவைத் தொட்டதில்லை என்று பெருமையுடன் கூறினார். மருத்துவர் சொன்னதா என்று கேட்டோம். இல்லை, எங்கோ படித்ததாம். வெள்ளைக்கருவை மட்டும் தாராளமாக எண்ணெய் விட்டுப் பொரித்து உண்கிறாராம். கையொப்பமிட்ட அவர் கைகள் மிகவும் மெலிந்திருந்தன.

ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் 6 கிராம் புரதமும் 5 கிராம் கொழுப்பும் சுமார் 70 கலோரி ஆற்றலும் உள்ளன. புரதத்தில் பாதிக்குச் சற்றே கூடுதலான பங்கு வெள்ளைக்கருவில் உண்டு. எஞ்சியது மஞ்சள் கருவில். வைட்டமின் ஏ, டி, இரும்புச்சத்து, நரம்புகளுக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின் ஆகியவை அநேகமாக முழுவதும் மஞ்சள் கருவிலேயே அடங்கியுள்ளன. முதுமையில் தசை கரைவதால் புரதத்தின் தேவை குறைவதில்லை, கூடுகிறது.

அச்சத்துக்குக் காரணம் கொலஸ்டிரால். ஒரு மஞ்சள் கருவில் அது ஏறத்தாழ 185 மில்லிகிராம் உள்ளது. வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் கூடாது என்று அமெரிக்க இதயச் சங்கம் 1968இல் அறிவுறுத்தியது. இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலின் பெரும்பகுதியை நம் உடலே உற்பத்தி செய்கிறது என்பதும், பெரும்பாலோருக்கு அதை உயர்த்துவதில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கே மிகுதி என்பதும் பின்னர் தெளிவாயின. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015 பதிப்பில் கைவிட்டது. இச்செய்தி நம் வீடுகளை இன்னும் முழுமையாக எட்டவில்லை. நீரிழிவு, இதய நோய், பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்டிரால் உடையோர் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்வது நலம்.

பொரிப்பதில் கவனிக்க வேண்டியது எண்ணெயைத்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 45 கலோரி. மூன்று கரண்டி ஊற்றினால் முட்டையைப் போல இருமடங்கு ஆற்றல் எண்ணெயிலிருந்தே வந்துவிடும். இடமாற்றத்தில் வடக்கே தனித்திருந்த காலத்தில், நடைபாதைக் கடைகளில் பிரெட் ஆம்லெட் மிதந்த எண்ணெயை நாமும் கணக்கிட்டதில்லை! ஒட்டாத வாணலியில் அரைத் தேக்கரண்டி போதும். மஞ்சள் கரு தளதளவென்று நிற்கும் ஆஃப்பாயில் சுவையானதே. ஆயினும் சால்மோனெல்லா கிருமியின் பொருட்டு முதியோரும் கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் இருபுறமும் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

இவற்றைப் பெரியவரிடம் விளக்கி, ஒருமுறை மருத்துவரையும் கேட்டுவிடுமாறு சொன்னோம். சான்றிதழின் ஒப்புகையை மடித்துப் பையில் வைத்தவர், "பத்தாண்டு மஞ்சள் கருவுக்கு நிலுவைத் தொகை ஏதும் உண்டா?" என்றார்.