தேயிலை மலையின் புளிப்புக் கணக்கு

அமிலமும் மூலமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும். ஹட்டன் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பித்த காலமெல்லாம் இந்த வரியைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அடுத்த வரியைப் பிள்ளைகள் தாங்களாகவே சேர்த்துக்கொள்வார்கள்: ஆகவே உப்பு என்றால் நடுநிலை. சாதாரண தரப் பரீட்சைக்கு அது பெரும்பாலும் போதும். தேயிலை மலைக்குப் போதாது.

ஒரு வகுப்பில், உரம் போடும் தொழிலாளி ஒருவரின் மகள் எழுந்து கேட்டாள். "சேர், சல்பேட் உரமும் உப்புதானே? அப்புறம் ஏன் அதப் போட்டுப் போட்டே மலை புளிச்சுப் போச்சுன்னு சொல்லி, எங்கப்பாவ டோலமைட் தூவ அனுப்புறாங்க?"

மேசையில் மூன்று குவளைத் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் கறியுப்பு, ஒன்றில் சலவைச்சோடா, ஒன்றில் அவள் சொன்ன அமோனியம் சல்பேற்று. மூன்றும் உப்புகள்தான். கறியுப்பில் பாசிச்சாயத்தாள் நிறம் மாறவில்லை. சலவைச்சோடாவில் சிவப்புத்தாள் நீலமானது. சல்பேற்றில் நீலத்தாள் மெல்லச் சிவந்தது. உப்பு, தன் தாய் தகப்பனில் யார் வலுவோ அவர் பக்கம் சாய்கிறது. சல்பூரிக் அமிலம் வன்மையானது, அமோனியா மென்மையான மூலம். அதனால் இந்த உப்புக்கு இலேசான அமிலக் குணம். சலவைச்சோடாவில் கதை நேர்மாறு.

ஆனால் மலை புளிப்பதற்கு இந்த இலேசான குணம் மட்டும் காரணமில்லை. மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும்போது, ஒவ்வோர் அமோனியம் அயனுக்கும் இரண்டு ஐதரசன் அயன்களை மண்ணில் விட்டுவிடுகின்றன. அமிலம் என்று நாம் சொல்வது இந்த ஐதரசன் அயனைத்தான். நூறு கிலோ அமோனியம் சல்பேற்று உண்டாக்கும் புளிப்பை முற்றாக முறிக்க ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். அதே அளவு நைதரசனை யூரியாவாகக் கொடுத்தால் புளிப்பு மூன்றில் ஒரு பங்குதான். இதற்கு மேல் எங்கள் மழை வேறு. வானத்தில் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு வரும் மழைநீரே சற்று அமிலம்தான். வட்டவளையிலும் நோர்வூட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கையில், மண்ணின் கல்சியமும் மகனீசியமும் கரைந்து ஓடைக்குப் போய்விடும். ஐதரசனும் அலுமினியமும் மிஞ்சும்.

புளிப்பை அளக்கும் பிஎச் அளவுகோலை 1909இல் டென்மார்க்கில் சோரன்சென் வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம். ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு. 5இலிருந்து 4க்கு இறங்கிய மலையைப் பார்த்து "ஒண்ணுதானே குறைஞ்சிருக்கு" என்று சொல்பவர்களுக்கு இதை விளக்கி விளக்கியே எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது.

தேயிலைக்குப் புளிப்பு பிடிக்கும் என்பதுதான் இதில் விசேஷம். 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட மண் அதற்கு உகந்தது. அந்தப் புளிப்பில் அலுமினியம் கரைந்து பெரும்பாலான பயிர்களின் வேரைக் கெடுக்கும். தேயிலையோ அதை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. நாம் குடிக்கும் கொழுந்தில் அது குறைவு. நுவரெலியாப் பங்களாத் தோட்டங்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதும் இதே கரைந்த அலுமினியத்தால்தான். சுண்ணாம்பு மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தேயிலை பயிராகாததற்கு வெயில் மட்டும் காரணமில்லை.

புளிப்பு பிடிக்கும் என்பதற்காக அளவில்லாமல் புளிக்க விடவும் முடியாது. 4.5க்குக் கீழே இறங்கினால் பொசுபரசு மண்ணோடு பிணைந்துவிடும், மகனீசியம் குறைந்து இலை மஞ்சளாகும். இதற்குத்தான் அந்த வெள்ளைத் தூள். டோலமைட் என்பது கல்சியம், மகனீசியம் இரண்டின் காபனேற்று. அதுவும் ஓர் உப்பு, ஆனால் மூலத்தின் பக்கம் சாய்ந்தது. ஒரு கரண்டித் தூளில் தேசிக்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள், மெதுவாகக் குமிழி வரும். அமிலம் தீர்ந்து காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. கவ்வாத்துக் காலத்தையொட்டி மலையில் நடப்பதும் அதுவே. மண்ணில் பல மாதம் எடுக்கும். எவ்வளவு போடுவது என்பதை மண்ணைச் சோதித்துத்தான் முடிவு செய்யவேண்டும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென்கூம்ஸில் இருப்பது இதுபோன்ற கணக்குகளுக்காகத்தான்.

புளிக்கிறதென்று உரத்தையே நிறுத்தினால் என்னவாகும் என்பதையும் கண்டோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நீக்கினார்கள். 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 251 மில்லியனுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் கொழுந்து நிறுவைக்குக் கூலி வாங்குபவர்கள்தான் அதை முதலில் உணர்ந்தார்கள்.

இந்த வேதியியல் கோப்பைக்குள்ளும் வருகிறது. சாயத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளுக்கும், ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் கறுக்கும். தேயிலைச் சாயமே ஒரு மென்னமிலம், பாசிச்சாயம் போல நிறம் மாற்றும்.

பாடப்புத்தக வேதியியலை நம்பக்கூடாத இடமும் ஒன்று உண்டு. தேனீயின் விஷம் அமிலம், சோடா பூசு. குளவியின் விஷம் காரம், வினாகிரி பூசு என்று பழைய பாடம் ஒன்று இன்னும் உலவுகிறது. விஷத்தின் வேலை அதிலுள்ள புரதங்களால் நடக்கிறது, அதுவும் தோலுக்கு அடியில். மேலே எதைப் பூசினாலும் அங்கே போய்ச் சேராது. மலையில் குளவி கொட்டினால் சுண்ணாம்பு தேடி நிற்காமல் ஆளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

லயத்துப் பக்கத்தில் கோவா, பீட்ரூட், லீக்ஸ் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேயிலை நின்ற மண் இந்தக் காய்கறிகளுக்கு அதிகப் புளிப்பு. அடுப்புச் சாம்பலிலும் மூலக் குணம் உண்டு, டோலமைட் இன்னும் நல்லது. ஆனால் சல்பேட்டையும் டோலமைட்டையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். மூலம் பட்டதும் அமோனியம் அமோனியா வாயுவாகக் கிளம்பும். சுண்ணாம்போடு கலந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, காசு கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றில் போகும் வாடை. முதலில் டோலமைட்டைத் தூவி மண்ணோடு கிளறிவிடுங்கள். உரத்தைச் சில வாரம் கழித்துப் போடுங்கள்.