வீட்டில் செய்யும் துப்புரவு நீர்: எங்கே உதவும், எங்கே உதவாது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலில் உள்ளோர் சிலருக்குக் கைகளில் வெடிப்பும் அரிப்பும் தோன்றுகின்றன. குரோமியம் உப்பில் பதனிட்ட ஈரத்தோலை நாள்தோறும் கையாள்வதால், அந்த உலோகத்தின் மீதே உடலுக்கு ஒவ்வாமை ஏற்பட்டுவிடுவது இதற்கு ஒரு காரணமாகும். அக்கைகளே மாலையில் வீட்டில் சலவைத்தூளையும் கழிப்பறை ஆசிட்டையும் தொட்டால், மருத்துவர் தரும் களிம்பு ஆற்றுவதற்குள் புண் மீண்டும் திறந்துகொள்ளும். ஆகவேதான், வீட்டிலேயே இயற்கைப் பொருள்களால் துப்புரவு நீர் செய்து பயன்படுத்தலாமா என்னும் கேள்வி எழுகிறது. பெரும்பாலான வேலைகளுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் மென்மையானது ஆகிவிடாது. எலுமிச்சைச் சாறும் புளியும் அமிலங்கள். விறகுச் சாம்பல் காரம். வெடித்த கைக்கு மூன்றுமே ஆகாதவை.

நம் பகுதிக்கு மிகப் பொருத்தமானது பூந்திக்கொட்டையே. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல ஊர்களில் உப்பேறிக் கிடப்பதை நாம் அறிவோம். தோல் கழிவுநீரைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. எனினும் கிணற்று நீர் அத்தனை விரைவில் மாறிவிடுவதில்லை. கடின நீரில் உள்ள கால்சியம் சோப்புடன் சேர்ந்து வெண்ணிற அழுக்காகப் படிவதால் நுரை எழாது. நாம் மேலும் மேலும் சோப்பைச் சேர்க்கிறோம். பூந்திக்கொட்டையின் தோலிலுள்ள சப்போனின் அவ்வாறு படிவதில்லை. கடின நீரிலும் நுரைக்கும். பத்துக் கொட்டைகளை உடைத்து விதையை நீக்கி, மேல்தோலை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். பாத்திரம், தரை, மென்துணி ஆகியவற்றுக்கு இது போதும். வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும் என்பதால் சிறிதளவே செய்க. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

குழாயில் படிந்த வெள்ளை உப்புக்கு வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் சுற்றிவைத்துத் தேய்த்தால் போதும். ஆனால் சமையலறை மேடை கடப்பாக்கல்லாக இருந்தால் அதன்மேல் வினிகரோ எலுமிச்சையோ படவிடாதீர்கள். அது சுண்ணாம்புக்கல், அமிலம் அதன் மெருகை அரித்து வெளுக்கச் செய்யும். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலக்கும் வழக்கத்தால் பயன் குறைவே. பொங்கி எழுவது பார்க்க நன்றாக இருக்கும். அடங்கிய பின் எஞ்சுவது பெரும்பாலும் உப்புநீர்.

உயிருக்கே கேடு தரக்கூடிய தவறு ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடருடன் ஆசிட், வினிகர், எலுமிச்சை, புளி என எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில் 1915ஆம் ஆண்டு ஈப்ர போர்க்களத்தில் நச்சு ஆயுதமாக விடப்பட்ட அதே வாயுதான் அது. சன்னல் இல்லாத சிறு குளியலறையில் சிறிதளவே போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மேலும் ஆபத்து. கண் எரிந்து மூச்சு அடைத்தால் அனைத்தையும் அப்படியே விட்டு உடனே காற்றோட்டமான இடத்திற்கு வாருங்கள்; வாளியை எடுத்துவர மீண்டும் உள்ளே செல்லாதீர்கள். கண்களை நல்ல நீரால் பல நிமிடங்கள் கழுவுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

அவ்வாறெனில் பிளீச்சிங் பவுடரே வேண்டாம் என்று விடலாமா? நோயாளி உள்ள வீட்டில் விட இயலாது. பூந்திக்கொட்டை அழுக்கை நீக்கும். கிருமியைக் கொல்லும் என்று அதை நம்பியிருக்க முடியாது. வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரும் அவ்வாறே. இரத்தம், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை பட்ட இடத்தை முதலில் துடைத்து, சோப்பு நீரால் கழுவி, அதன் பின்னரே பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்த வேண்டும். 30 விழுக்காடு குளோரின் உள்ள தூளாயின், ஒரு லிட்டர் நீரில் சுமார் 16 கிராம் கரைத்தால் 0.5 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். பத்து நிமிடம் ஈரமாக விட்டுத் துடையுங்கள். அன்றன்று கரைத்ததே பயன் தரும்.

எந்த நீர்மத்தையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைக்காதீர்கள். தாகத்தில் வரும் குழந்தைக்கு அது குளிர்பானமாகவே தோன்றும். கைகளுக்கு இரப்பர் கையுறையும் அதனுள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் அணிக. ஆலையில் தரும் தோல் கையுறை பாதுகாப்பானதாகத் தோன்றினாலும், குரோமியத்தில் பதனிட்ட தோலாயின் ஒவ்வாமை உள்ளவரின் புண்ணை அதுவே வளர்க்கும். வேலை முடிந்ததும் கையைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ மருத்துவர் தந்த களிம்போ தடவுக. தோல்நோய்ப் பிரிவுக்கு வரும்போது, வீட்டில் பயன்படுத்தும் பொருள்களின் உறைகளையும் பணியிடத்தில் அணியும் கையுறையையும் உடன் எடுத்துவந்தால், காரணத்தைக் கண்டறிவது மருத்துவருக்கு எளிதாகும்.