மரதன் ஓட்டமும் பயண ஆயத்தமும்

நவம்பர் மாத முதல் ஞாயிறன்று நடைபெறும் நியூயோர்க் மரதனில் பங்குபற்றுவது ஓட்ட வீரர்கள் பலரது கனவாகும். ஆயினும், 42.195 கிலோ மீற்றரை ஓடி முடிக்கும் உடல்வலிமை மாத்திரம் அதற்குப் போதாது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

பங்குபற்றுவோரில் ஒரு பகுதியினர் குலுக்கல் மூலமே தெரிவாகின்றனர். ஒவ்வொருவரும் தமக்குரிய இலக்கத்தை ஓட்ட தினத்துக்கு முன்னரே நேரில் பெற வேண்டும். பிறரை அனுப்பிப் பெற இயலாது. ஆதலால், ஓரிரு தினங்கள் முன்னதாகவே நகரை அடைவது உசிதமானது. ஆரம்ப இடமான ஸ்டேட்டன் தீவுக்கு அதிகாலையிலேயே படகிலோ பஸ்ஸிலோ சென்று, குளிரில் நீண்டநேரம் காத்திருக்க நேரும். எம்போன்ற வெப்ப நாட்டவர்க்கு இதுவே முதற் சோதனை. கழற்றிவிடக்கூடிய பழைய மேலாடையொன்று அவசியம்.

பார்வையாளர்கள் சுரங்க ரயிலைப் பயன்படுத்தினால், தம்மவரைப் புரூக்ளினிலும் பின்னர் மன்ஹற்றனிலும் காணலாம். ஓட்டம் நிறைவுறும் சென்ட்ரல் பார்க்கில் சனநெரிசல் மிகுதியாதலால், சந்திக்கும் இடத்தை முற்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

2012 ஆம் ஆண்டில் சான்டி சூறாவளி காரணமாக, இரு தினங்களே எஞ்சியிருந்த நிலையில் ஓட்டம் இரத்துச் செய்யப்பட்டது. பெருஞ்செலவில் கடல்கடந்து வந்தோர் ஏமாற்றமடைந்தனர். எனினும், ஓடவிருந்தோரில் பலர் அதே ஸ்டேட்டன் தீவுக்குச் சென்று, பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணப் பொருட்களை வழங்கினர். பயணச்சீட்டையும் தங்குமிடத்தையும் மாற்றக்கூடியவாறு பதிவு செய்வது மட்டுமன்று, எதிர்பாராததை ஏற்கும் மனப்பக்குவமும் ஆயத்தத்தின் ஓர் அங்கமேயாகும்.