வடிவமைப்பு மென்பொருள்: புதுப்பிப்பதா, வாங்குவதா, சந்தா கட்டுவதா?

தைப்பூசப் பதாகை, திருமண அழைப்பிதழ், ஆலயத் திருவிழா அறிக்கை, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் என மலேசியாவில் தமிழில் அச்சாகும் பலவும் சிறிய அச்சகங்களிலும், வீட்டிலிருந்தே தொழில் செய்யும் வடிவமைப்பாளர்களின் கணினிகளிலும் உருவாகின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிவுக்கு வந்ததால், பழைய கணினியை மாற்ற வேண்டிய நிலைக்குப் பலர் வந்துள்ளனர். புதிய கணினியில் எந்த மென்பொருளைப் போடுவது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

ஒரு காலத்தில் இதற்கான விடை எளிது. மென்பொருளை ஒருமுறை வாங்கியவர், புதிய பதிப்பு வந்ததும் குறைந்த விலையில் அதற்கு மாறிக்கொள்ளலாம். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் ஆகியவற்றின் நிறுவனமான அடோபி, 2012-இல் வெளியிட்ட சிஎஸ்6 தொகுப்போடு அந்த வழியை நிறுத்திக்கொண்டது. புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என்று 2013 மே மாதம் அது அறிவித்தது.

கோரல் நிறுவனம் அப்படிச் செய்யவில்லை. கோரல்டிராவைச் சந்தாவாகவும் எடுக்கலாம், ஒரே விலைக்கும் வாங்கலாம். ஆனால், ஒரே விலைக்கு வாங்கினால் அந்தப் பதிப்பு மட்டுமே கிடைக்கும். அடுத்தடுத்த பதிப்புகள் அதில் சேராது.

கணக்கு போடுவது எப்படி?

மாதச் சந்தாவைப் பார்க்கும்போது தொகை சிறியதாகத் தெரியும். கணினியின் ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டால்தான் உண்மையான செலவு புரியும். வெளிநாட்டு நிறுவனங்களின் மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் மலேசியாவில் சேவை வரி உண்டு. தொடக்கத்தில் 6 விழுக்காடாக இருந்த அந்த வரி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாக உயர்ந்தது.

கணக்கு புரிவதற்காக மாதச் சந்தா 100 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வரியோடு 108 ரிங்கிட். ஆண்டுக்கு 1,296 ரிங்கிட். நான்கு ஆண்டுகளுக்கு 5,184 ரிங்கிட். அதே வேலையைச் செய்யும் மென்பொருள் 2,000 ரிங்கிட்டுக்கு ஒரேமுறையாகக் கிடைத்தால், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அந்தப் பணம் ஈடாகிவிடும். வேலை வரும் மாதங்களில் மட்டும் மென்பொருள் தேவைப்படுவோருக்கு இந்தக் கணக்கு மாறும். ஆண்டில் மூன்று மாதங்களே வேலை என்றால், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய மாதத் திட்டம் விலை கூடுதலாக இருந்தாலும் செலவு குறைவாகவே அமையும்.

மாதாமாதம் பணம் கட்டுவதெல்லாம் மாதத் திட்டம் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். அடோபியின் ஆண்டு ஒப்பந்தத்திலும் பணத்தை மாதந்தோறும் செலுத்தலாம். ஆனால், முதல் 14 நாள்களுக்குப் பிறகு இடையில் விலகினால், எஞ்சியுள்ள தொகையில் பாதி கட்டணமாகக் கேட்கப்படும். மேலே சொன்ன 100 ரிங்கிட் சந்தாவில் நான்கு மாதம் முடிந்து விலகினால், மீதமுள்ள எட்டு மாதத்துக்காக 400 ரிங்கிட் கட்ட வேண்டிவரும். இந்தக் கட்டணத்தைத் தெளிவாகக் காட்டவில்லை என்று கூறி, அமெரிக்க அரசு 2024 ஜூன் மாதம் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது.

தமிழ் சரியாக வருமா?

தமிழில் வேலை செய்வோர் விலைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. பழைய பதிப்புகள் பலவற்றில் ஒருங்குறித் தமிழைத் தட்டினால், ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியே சிதறும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைப் பலர் இன்றும் விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய பதிப்புக்கு மாறினாலும் சிக்கல் வரலாம். பழைய டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியில் நிறுத்தியது. அவற்றைக் கொண்டு செய்த பழைய அழைப்பிதழைத் திறந்தால், எழுத்துரு காணவில்லை என்ற அறிவிப்புதான் வரும்.

எனவே, பணம் கட்டுமுன் சோதனைப் பதிப்பில் முயன்று பார்ப்பது நல்லது. அடோபி 7 நாளும் கோரல் 15 நாளும் இலவசமாகத் தருகின்றன. ‘ஸ்ரீ’, ‘பொங்கல்’, ‘கோயில்’, ‘கௌரவம்’ ஆகிய நான்கு சொற்களைத் தட்டிப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும். பழைய கோப்புகள் சிலவற்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

இலவச வழிகள்

இன்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் ஆகியவை முற்றிலும் இலவசம். இன்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காக வரும். ஆனால், அச்சுக்குத் தேவையான சிஎம்ஒய்கே நிறப் பிரிப்பில் இன்க்ஸ்கேப் பின்தங்கியே உள்ளது. அந்தப் பணிக்கு ஸ்கிரைபஸ் கைகொடுக்கும்.

ஒரேமுறை விலைக்கு விற்கப்பட்டுவந்த அஃபினிட்டியை 2024-இல் கேன்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபர் முதல் அது இலவசமாகவே கிடைக்கிறது. கேன்வா கணக்கு இருந்தால் போதும். செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் சந்தா வேண்டும். அதன் முந்தைய பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் சரியாக இணையவில்லை என்பதால், மேற்சொன்ன நான்கு சொல் சோதனை இங்கே கட்டாயம்.

திருட்டுப் பிரதியும் இலவசம்தானே என்று எண்ணுவோர், 1987-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். தொழிலுக்காக அதை வைத்திருந்தால், ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கோப்புகளே சொத்து

சந்தா முடிந்ததும் கோப்புகள் கணினியில் அப்படியேதான் இருக்கும். அவற்றைத் திறக்கும் மென்பொருள்தான் இயங்காது. போன ஆண்டுப் பதாகையில் தேதியை மட்டும் மாற்றித் தரும்படி ஆலய நிர்வாகம் கேட்கும்போது, அது இயலாமல் போனால் நட்டம் அச்சகத்துக்குத்தான்.

ஆகவே, எந்த வழியைத் தேர்ந்தாலும், வேலை முடிந்ததும் மூலக் கோப்போடு பிடிஎஃப் பிரதி ஒன்றையும், அதில் பயன்படுத்திய எழுத்துருவையும் ஒரே கோப்புறையில் சேர்த்து வைப்பது அவசியம். நாள்தோறும் பிற நிறுவனங்களோடு அடோபி கோப்புகளைப் பரிமாறுவோருக்குச் சந்தா ஏற்றது. தனியாக அழைப்பிதழும் பதாகையும் செய்வோருக்கு ஒரேமுறை வாங்குவது பொருந்தும். இப்போதுதான் தொழிலைத் தொடங்குவோர், இலவச மென்பொருளில் ஓராண்டு பழகிவிட்டு வரும்படியைப் பார்த்து முடிவெடுக்கலாம்.