வெள்ளத்தின் உச்சமும் வகைக்கெழுவும்

நுண்கணிதத்தைப் பரீட்சைக்குரிய பாடமாக மட்டுமே கருதும் வழக்கம் மாணவரிடை மிகுந்துள்ளது. வகைக்கெழுவைப் பூச்சியமாகக் கொள்க என்னும் விதியை மனனஞ் செய்து, விடை கண்டு, பின்னர் மறந்துவிடுகின்றனர். அவ்விதியின் பொருள் யாது, அஃது எங்கே பயன்படும், எங்கே ஏமாற்றும் என்பவற்றை நம் கல்லூரியை அடுத்த ஊர்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பி வழிந்த நீர் அடையாற்றிற் பாய, முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வீடுகள் நீரில் மூழ்கின. முழு மட்டம் 24 அடியாகவுள்ள செம்பரம்பாக்கம் ஏரியினின்றும் வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அத்தகைய இரவில் யாவர் மனத்திலும் எழும் வினா ஒன்றே: நீர் இன்னும் ஏறுமா?

ஓர் அளவு காலத்தோடு மாறும் வீதமே வகைக்கெழு எனப்படும். ஏரிநீரின் வகைக்கெழு, வரும் நீரின் வீதத்தினின்றும் போகும் நீரின் வீதத்தைக் கழித்த மிச்சமாம். வரத்து மிகுந்தால் மட்டம் ஏறும். போக்கு மிகுந்தால் இறங்கும். ஏறிக்கொண்டிருந்த மட்டம் இறங்கத் தொடங்கும் கணத்தில் இரண்டும் சமமாய் நிற்கும். ஆகவே உச்சத்தில் வகைக்கெழு பூச்சியமாகின்றது. மழை நின்ற கணமே உச்சமன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

உதாரணமாக, ஒரு கற்பனை ஏரியில் 'கா' மணி நேரத்தில் மட்டம் 9கா² − கா³ சென்டிமீட்டர் உயர்வதாகக் கொள்வோம். 0 முதல் 7 வரையுள்ள மணிகளில் உயர்வு முறையே 0, 8, 28, 54, 80, 100, 108, 98 ஆகும். முதல் வகைக்கெழு 18கா − 3கா². இது 0, 6 என்னும் இரு மணிகளிற் பூச்சியமாகும். இரண்டாம் வகைக்கெழு 18 − 6கா. இதன் மதிப்பு 0-ஆம் மணியில் 18. மிகையாதலால் அங்கே சிறுமம். 6-ஆம் மணியில் −18. குறையாதலால் அங்கே பெருமம். உச்ச உயர்வு 108 சென்டிமீட்டர்.

இனி, 3-ஆம் மணியில் இரண்டாம் வகைக்கெழு பூச்சியமாகி, மிகையினின்றும் குறைக்கு மாறுகின்றது. இதுவே வளைவு மாற்றப் புள்ளி. அதுவரை விரைந்து விரைந்து ஏறிய நீர், அதன்பின் வேகந் தளர்ந்து ஏறுகின்றது. போக்கு மாறாதிருப்பின், வரத்து தன் உச்சத்தை அடைந்த கணம் இதுவேயாம். ஆயினும் மட்டம் அப்போது 54 சென்டிமீட்டரே உயர்ந்துள்ளது. இன்னும் அத்துணையே ஏறவேண்டியுள்ளது. வெள்ளத்தின் வேகங் குறைந்தது என்னும் சொல்லை வெள்ளம் குறைந்தது என்று கொள்வோர் இங்கேதான் இடர்ப்படுவர்.

விதியைக் கையாள்வோர் மூன்று எச்சரிக்கைகளை மறவாதிருத்தல் வேண்டும். முதலாவது, வகைக்கெழு பூச்சியமான இடமெல்லாம் உச்சமோ தாழ்வோ அன்று. கா³ என்பதன் வகைக்கெழு 0-இற் பூச்சியமே. ஆயினும் அவ்வளவு அங்கே சற்றுத் தயங்கி மேலும் ஏறுகின்றது. இரண்டாவது, இரண்டாம் வகைக்கெழு பூச்சியமானது மட்டும் போதாது. அதன் குறியும் மாறவேண்டும். கா⁴ என்பதற்கு 0-இல் அது பூச்சியமாயினும், இருபுறமும் மிகையாகவே இருத்தலின் வளைவு மாறுவதில்லை. மூன்றாவது, எல்லைகளையும் தனியே நோக்குக. நம் கற்பனை ஏரியின் கரை 80 சென்டிமீட்டர் உயர்வுக்கே இடந்தருமாயின், 4-ஆம் மணியிலேயே நீர் கரையைக் கடக்கத் தொடங்கும். அப்போது அதன் வேகம் மணிக்கு 24 சென்டிமீட்டர். பூச்சியத்தையே தேடிக்கொண்டிருப்பவன் 6-ஆம் மணிவரை காத்திருப்பான், கரையோ காத்திராது.

லைப்னிட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1684-இல் வெளியிட்ட நுண்கணிதக் கட்டுரையின் தலைப்பிலேயே பெருமமும் சிறுமமும் இடம்பெற்றன. அக்கணிதம் நம் ஏரிக்கரைகளுக்கும் உரியதே. மட்டம் எவ்வளவு என்பதோடு நில்லாது, எவ்வேகத்தில் மாறுகின்றது, அவ்வேகம் ஏறுகின்றதா தளர்கின்றதா எனவும் வினவப் பழகுவோமாயின், மழைக்காலத்தில் வரும் செய்திகளைச் செவ்வனே உணர்ந்து, காலத்தே மேட்டுநிலம் சேர்தற்கும் அறிந்தவராவோம்.